குச்சிக்கிழங்குக்கு வாங்கிய ஜிங்க்

மலைமேல் அரியூர் நாட்டுச் சின்னமுத்துவுக்குப் பொறுமை என்கிற சாமான் பிறவியிலேயே கிடையாது. சோறு வேகும் முன்பே இலை போட்டு உட்காருகிற ஆள். செம்மேட்டில் பஸ் நிற்பதற்குள் குதித்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்டவர். அப்பேர்ப்பட்ட மனுஷன் ஒரு வருஷத்துக்கு மேலாகத் தன் சம்சாரம் ஆத்தாயிக்கு வலது பக்கமாகவே நடந்தார், வலது பக்கமாகவே உட்கார்ந்தார், கதவைக்கூட மெள்ளச் சாத்தினார் என்றால், அந்த வீட்டில் என்ன பாடு பட்டிருப்பார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாயிரமாவது வருஷம் ஆடியில் ஆத்தாயிக்கு அக்கி வந்தது. முதுகில் ஆரம்பித்து இடது விலாவைச் சுற்றி மார்புக்குக் கீழே வரைக்கும் பட்டையாகக் கொப்புளம். அக்கி வந்தால் எழுதத்தானே வேண்டும்? அடிவாரத்திலிருந்து குயவர் ராசப்பனை அழைத்து வந்தார்கள். அவர் செங்காவியைக் குழைத்து, கோழியிறகால் கொப்புளத்தின் மேல் சிங்கம் எழுதிவிட்டுப் போனார். கொப்புளம் காய்ந்தது, பொருக்கு உதிர்ந்தது. ராசப்பனுக்குக் கைராசி என்று ஊர் பேசியது.

வலி மட்டும் போகவில்லை. போகாததோடு, வேறு மாதிரி ஆனது. சேலைத் தலைப்பு உரசினால் தணலைக் கொட்டியது போல எரியும். காற்று அடித்தால் எரியும். ஈ உட்கார்ந்தால் போதும், ஆத்தாயி துடித்து எழுந்துவிடுவாள். அடித்தால் வலிக்கிறது என்றால் நாலு பேர் நம்புவார்கள். ஈ உட்கார்ந்தால் வலிக்கிறது என்றால் யார் நம்புவார்? அவள் ரவிக்கை போடுவதை விட்டாள். மூங்கிலைப் பிளந்து வளையம் செய்து, இடது பக்கம் துணி உடம்பில் படாமல் தூக்கி நிறுத்திக்கொண்டாள். வளையம் செய்து கொடுத்தவர் சின்னமுத்துதான். இந்தக் கோலத்தில் சந்தைக்குப் போக முடியுமா, கல்யாணம் காட்சிக்குப் போக முடியுமா? பஸ்ஸைப் பற்றிப் பேச்சே வேண்டாம். வளைவுக்கு வளைவு ஆள்மேல் ஆள் விழுகிற ரோடு அது.

பார்க்க வந்தவர்கள் தோலைத்தான் பார்த்தார்கள். தோல் சுத்தமாக இருந்தது. "புண்ணு ஆறி எத்தன மாசமாச்சு, இன்னும் என்னவாம்?" என்றார்கள். வேலைக்குப் பயந்து நடிக்கிறாள் என்று ஒருத்தி வாசலைத் தாண்டும்போதே சொன்னது சின்னமுத்துவின் காதில் விழுந்துவிட்டது. மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவரை ஆத்தாயிதான் பிடித்து நிறுத்தினாள்.

அவளும் சும்மா இருந்துவிடவில்லை. வலி போகிற வரைக்கும் கறி, மீன், முட்டை எதையும் வாயில் வைக்கமாட்டேன் என்று எட்டுக்கை அம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். சில மாதம் பார்த்தாள், வலி அசையவில்லை. வேண்டுதல் பத்தவில்லை போல என்று பாலையும் மோரையும் சேர்த்து விட்டாள். அப்புறம் பருப்பையும் விட்டாள். கடைசியில் தட்டில் மிஞ்சியது வெந்த குச்சிக்கிழங்கும் மிளகாயும் ரேஷன் அரிசிச் சோறும்தான். மரவள்ளியைத்தான் அந்தப் பக்கம் குச்சிக்கிழங்கு என்பார்கள். வீட்டைச் சுற்றி விளைவது அதுதான், வயிற்றை நிரப்புவதும் அதுதான். ஆத்தாயி எலும்பும் தோலுமாகிக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் கிழங்கைத் தோலுரித்துக்கொண்டே, உப்பு தீர்ந்துபோச்சு என்று சொல்கிற குரலில் அவள் சொன்னாள்: "ஏனுங்க, நான் போய்ச் சேந்துட்டா உங்களுக்காச்சும் நிம்மதி. அம்மன் ஏன் இன்னும் கூப்புடாம வெச்சிருக்கறாளோ தெரியல."

அழுதுகொண்டு சொல்லியிருந்தால் சின்னமுத்து அதட்டியிருப்பார். சாதாரணமாகச் சொல்கிறாளே, இவள் முடிவு பண்ணிவிட்டாளோ என்று பயந்துபோனார். அன்றிலிருந்து அவருக்குக் காடு கழனி எதுவும் கண்ணில் படவில்லை. இந்தப் பேச்சு இவள் வாயிலிருந்து மறுபடி வரக்கூடாது, அவ்வளவுதான்.

சேந்தமங்கலத்து மிளகு வியாபாரி சேக் மைதீன் சந்தை நாளில் செம்மேட்டுக்கு ஜீப்பில் வருவார். சின்னமுத்து வீட்டு மிளகு அவர் அப்பா காலத்திலிருந்தே அந்தக் கடைக்குத்தான் போகும். அக்கி வந்த மறு வருஷம் ஐப்பசியில் ஒரு சந்தை நாள், மிளகைக் கையில் அள்ளிப் பார்த்துக்கொண்டே அவர் கேட்டார்.

"என்ன சின்னமுத்துண்ணா, தங்கச்சியச் சந்தையில பாத்து வருசத்துக்கு மேல ஆச்சே. சௌக்கியந்தானே?"

அதுவரை வெளியாள் யாரிடமும் வாய் திறக்காத மனுஷன், மிளகு மூட்டைமேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். கொட்டி முடிக்கும்போது அழுதுகொண்டிருந்தார். சேக் மைதீன் கையிலிருந்த மிளகைத் திரும்ப மூட்டையில் போட்டார்.

"அண்ணா, எம் மக காமிலா டாக்டருக்குப் படிச்சுட்டு, சேலத்துல மேல்படிப்புப் படிக்கறா. எதப் பத்திங்கறீங்க? வலியப் பத்தி. உலகத்துல படிக்கறதுக்கு வேற ஒண்ணும் கெடைக்கலையா உனக்குன்னு நானே திட்டியிருக்கறேன். அடுத்த சந்தைக்குக் கூட்டியாரேன் இருங்க."

சொன்னபடியே வீட்டுக்கே கூட்டி வந்தார். காமிலா கண்ணாடி போட்ட, ஒடிசலான பெண். தலையில் துப்பட்டா. வந்ததும் ஆத்தாயிக்கு எந்தப் பக்கம் உட்காரலாம் என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். சின்னமுத்துவுக்கு அப்போதே அவளைப் பிடித்துவிட்டது.

பையிலிருந்து பஞ்சை எடுத்து நுனியை நூல் போலத் திரித்தாள். ஆனால் தொடவில்லை. கையில் வைத்துக்கொண்டே பேசினாள்.

"அம்மா, இதால தொட்டா உங்களுக்கு எரியும். அழுத்திப் புடிச்சாக்கூட ஒரு மாதிரி தாங்கிக்குவீங்க, லேசா உரசுனாத்தான் உசுரு போகும். காத்துகூட ஆகாது. சரிதானுங்களா?"

ஆத்தாயி அவளை வெறித்துப் பார்த்தாள்.

"நான் பொய் சொல்லலீங்க கண்ணு."

"பொய்யுன்னு யாரு சொன்னா? அக்கி வந்து போனவங்க நெறயப் பேருக்கு இந்த வலி இருக்குதும்மா. நெசமான வலி. சொன்னா நம்பமாட்டாங்கங்கறதுதான் இதுல பெரிய கொடுமை."

ஆத்தாயி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். காமிலா மருந்து ஒன்றும் கொடுக்கவில்லை, தொடக்கூட இல்லை. நம்பினாள், அவ்வளவுதான். சின்னமுத்துவுக்கு அந்தப் பெண்ணின் காலில் விழலாம் போல இருந்தது.

"தோலுதான் ஆறிப்போச்சே கண்ணு. வலி எங்க இருந்து வருது?" என்று கேட்டார்.

"தோல்ல இல்லீங்க ஐயா. முதுகெலும்புக்குள்ள தண்டுவடம்னு ஒண்ணு ஓடுது. ஒடம்புல எங்க என்ன பட்டாலும் சேதி அங்க வந்துதான் மூளைக்குப் போகோணும். அடிவாரத்துல செக்போஸ்ட் இருக்குதில்லீங்களா, அந்த மாதிரி வெச்சுக்குங்க. துணி பட்டுது, காத்து பட்டுதுங்கறதெல்லாம் வலியா மேல போகாம அங்கயே நிறுத்திப்புடும். அம்மாவுக்கு அக்கி அங்க சேதி கொண்டுபோற நரம்பக் கெடுத்துட்டுப் போயிருச்சு. இப்ப செக்போஸ்ட்டுல ஆளு இல்ல. வர்ற வண்டியெல்லாம் வலின்னே மேல போகுது."

"ஆளு எங்க போய்ட்டான்?"

காமிலா சிரித்துவிட்டாள். "அதத்தானுங்க நான் படிக்கறேன். நிறுத்தற ஆளுங்க அங்க பல பேரு. அதுல ஒருத்தன் துத்தநாகம், ஜிங்க். நரம்போட நுனியில துளித்துளியாச் சேத்து வெச்சிருக்கும். சேதி ரொம்ப வேகமா வந்தா அதுவும் வெளிய வந்து, அடுத்த நரம்புல சேதி வாங்கற கதவக் கொஞ்சம் சாத்தி வெக்கும். எலிங்களுக்குத் தண்டுவடத்துல இருக்கற ஜிங்க்க ஒரு மருந்து போட்டுக் கட்டிப்புட்டா, லேசாச் சுட்டதுக்கே துடிச்சுப் போகுதுங்க. ஜிங்க் கொஞ்சம் குடுத்தா அடங்குது. மனுசங்களுக்கும் அப்படியேதான்னு இன்னும் யாரும் அடிச்சுச் சொல்லல."

கடைசியாகச் சொன்னது சின்னமுத்துவின் காதில் ஏறவில்லை. ஜிங்க் ஏறிவிட்டது.

காமிலா சாப்பாட்டைப் பற்றி விசாரித்தாள். வேண்டுதல் கதை வெளியே வந்தது. அவள் முகம் மாறியது.

"ஜிங்க் நமக்குக் கறியில, முட்டையில, பால்ல, பருப்புலதாம்மா வரும். எல்லாத்தையும் நீங்களே நிறுத்திட்டீங்களே."

"அத மட்டும் கேக்காத கண்ணு. அம்மனுக்குச் சொன்ன வார்த்த."

காமிலா வற்புறுத்தவில்லை. "சரிம்மா. உங்க வார்த்தைய நான் ஏன் மாத்தோணும்? அது மாத்திரையாவே இருக்குது. மொதல்ல ரத்தத்தக் கோயமுத்தூருக்கு அனுப்பி, கொறைவா இருக்குதான்னு பாக்கோணும். ரத்தத்துல இருக்கறதும் தண்டுவடத்துல இருக்கறதும் ஒண்ணுன்னு சொல்ல முடியாது. ஆனாலும் பாப்போம். அடுத்த சந்தைக்கு மாத்திரையோட வாரேன். அதுவரைக்கும் பொறுத்துக்குங்க."

ஐஸ் போட்ட டப்பாவில் ரத்தத்தை எடுத்துக்கொண்டு அப்பாவோடு கிளம்பினாள். பொறுத்துக்குங்க என்று யாரிடம் சொல்லிவிட்டுப் போகிறாள் பாருங்கள்.

அடுத்த சந்தைக்கு முன்னால் மழை பிடித்துக்கொண்டது. மலை ரோட்டில் மண் சரிந்து பஸ், லாரி எதுவும் ஏறவில்லை, இறங்கவில்லை. சின்னமுத்து நனைந்துகொண்டே செம்மேட்டுக்கு நடந்து, சேந்தமங்கலத்துக்குப் பேச எஸ்.டி.டி. பூத்தில் நின்றார். லைன் செத்துக் கிடந்தது. வீட்டுக்குத் திரும்பினால் ஆத்தாயி ஈரக்காற்றுக்குப் பயந்து சுவர் ஓரமாக ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறாள். கிழங்குத் தட்டு தொடாமல் கிடக்கிறது. "பாத்தீங்களா, நம்ம ராசி. டாக்டரம்மா வர்ற ரோடும் போச்சு" என்றாள். அந்தக் குரல் அவருக்குப் பிடிக்கவே இல்லை.

மறுநாள் காலையில் மாட்டுக் கொட்டகைக்குள் போனவர் அப்படியே நின்றுவிட்டார். மூலையில் பாதி தீர்ந்த பை. ஜிங்க் சல்பேட். போன வருஷம் காட்டில் குச்சிக்கிழங்குக் கொழுந்தெல்லாம் வெளுத்துக் குன்றிப்போனபோது, ஜிங்க் பத்தவில்லை என்று உரக்கடையில் சொல்லிக் கொடுத்தது. தண்ணீரில் கலந்து அடித்தார். வெளுத்த இலை பச்சை கட்டி எழுந்ததைத் தன் கண்ணாலேயே பார்த்தார்.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறோமே என்று தலையில் அடித்துக்கொண்டார். ஜிங்க் வேண்டும், இதோ ஜிங்க். கறி இல்லை, முட்டை இல்லை. அம்மனுக்கு ஆட்சேபணை இருக்கவே முடியாது. ஒரு பயிரையே எழுப்பி நிறுத்தினது இவளை எழுப்பாதா? இப்படி மடமடவென்று எல்லாம் பொருந்தி வந்தது. அவசரக்காரனுக்கு எப்போதும் அப்படித்தான், எல்லாம் பொருந்தி வரும்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த அவசரத்திலும் நேராக ஆத்தாயியிடம் கொண்டு போகவில்லை. ஏதாவது ஆகிவிட்டால்? முதலில் நாம் குடித்துப் பார்ப்போம், நமக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் மத்தியானம் அவளுக்குக் கொடுப்போம் என்று நினைத்தார். டம்ளரில் தாராளமாகவே அள்ளிப் போட்டு, வெல்லம் தட்டிப் போட்டுக் கலக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்காகக் குடித்தார்.

துருப்பிடித்த ஆணியை நக்கியது போல இருந்தது. கொட்டகையை விட்டு வெளியே வருவதற்குள் வயிற்றைச் சுருட்டிப் பிடித்தது. வாசலில் விழுந்து குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தார். அதற்குமேல் அவருக்குச் சரியாக நினைவில்லை. ஆத்தாயி ஓடி வந்ததும், கொட்டகைக்குள் எட்டிப் பார்த்ததும், "செங்கோடா, வண்டிய எடு" என்று அடுத்த வீட்டுக்குக் கேட்கக் கத்தியதும் கனவு மாதிரி தெரிந்தது. ஜீப்பில் போகும்போது தலை எதன் மேலோ அழுந்தியிருந்தது. அது நடுங்கிக்கொண்டே இருந்தது.

செம்மேட்டு ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாய் விட்டு வயிற்றைக் கழுவினார்கள். நர்ஸம்மா ஒருத்தர் நெற்றியைத் தடவிக்கொண்டே, "இந்த வயசுல ஏனுங்கய்யா இந்த முடிவு? எந்தக் கஷ்டமா இருந்தாலும் பேசித் தீத்துக்கலாமில்ல?" என்றார். இவர் இல்லை இல்லை என்று கையை ஆட்டினார். குழாயோடு எங்கே பேசுவது? சரி சரி, அழாதீங்க என்று அவர் இன்னும் தடவினார். வார்டு முழுக்க விஷயம் பரவிவிட்டது. பெண்டாட்டி சீக்குத் தாங்காமல் அரியூர் நாட்டுக்காரர் பூச்சி மருந்தைக் குடித்துவிட்டாராம் என்று.

மத்தியானத்துக்கு மேல் குழாயை எடுத்தார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் ஆத்தாயி உட்கார்ந்திருந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தது.

"என்னாலதானுங்களே" என்றாள். "நான் சாவு சாவுன்னு பேசிப் பேசி உங்களத் தூக்கிக் குடுக்கப் பாத்தனே. நான் சொன்னத மனசுல வெச்சுக்கிட்டு முந்திக்கலாம்னு பாத்தீங்களா?"

"அட கிறுக்கி" என்றார் சின்னமுத்து. தொண்டை புண்ணாகிச் சத்தமே வரவில்லை. "நான் எதுக்குச் சாவறேன்? உனக்குக் குடுக்கறதுக்கு முன்னால குடிச்சுப் பாத்தேன்."

"எத?"

"ஜிங்க். அந்தக் கண்ணு சொல்லுச்சுல்ல."

ஆத்தாயிக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"குச்சிக்கிழங்குக்கு அடிக்கறதையா?"

"எலயெல்லாம் பச்சையாச்சுல்ல?"

அவள் சிரித்தாள். வருஷத்துக்கு மேலாக அந்தச் சிரிப்பை அவர் கேட்டதில்லை. அழுகையும் சிரிப்புமாக அவள் குலுங்கியதைப் பார்த்து, விஷயம் தெரிந்த நர்ஸம்மாவும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டிருந்த ஆத்தாயி சட்டென்று விலாவைப் பார்த்துக் குனிந்து முனகினாள்.

அப்போதுதான் சின்னமுத்து அவளை நன்றாகப் பார்த்தார். மூங்கில் வளையம் இல்லை. அவர் எடுத்த வாந்தியில் நனைந்த சேலை இடது பக்கம் உடம்போடு ஒட்டிக்கிடந்தது.

கால்மாட்டில் நின்ற செங்கோடன் சொன்னான்: "வர்ற வழி பூரா அக்கா உங்க தலைய அந்தப் பக்கத்து நெஞ்சோட அழுத்திப் புடிச்சுட்டிருந்துச்சுங்கண்ணா. குழியில வண்டி குதிக்கறப்பல்லாம் பல்லக் கடிச்சுக்கும். நான் வேற ஆள ஏத்தறேன், அவுங்க புடிச்சுக்கட்டும்னேன். உடவேமாட்டேன்னுருச்சு."

ஈ உட்கார்ந்தால் துடிக்கிறவள். இவளுக்கு நான் ஏதோ பெரிதாகச் செய்கிறதாக நினைத்துக்கொண்டிருந்தேனே, இவள் எனக்குச் செய்ததற்கு எந்த ஜென்மத்தில் நன்றி சொல்லித் தீர்ப்பேன் என்று சின்னமுத்து நினைத்தார். துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

"சாவுங்கற பேச்ச இனி நான் எடுக்கமாட்டேன்" என்றாள் ஆத்தாயி. "நீங்களும் உரப் பையத் தொடக்கூடாது. சரிங்களா?"

துண்டுக்குள்ளிருந்து தலை ஆடியது.

ரோட்டைச் சரிசெய்ததும் முதலில் ஏறிய வண்டிகளில் சேக் மைதீனின் ஜீப்பும் ஒன்று. செம்மேட்டிலேயே விஷயம் காதில் விழுந்திருக்கிறது. காமிலா வீட்டுக்குள் வந்தபோது அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"எந் தப்புங்கய்யா. எந்த ஜிங்க்குன்னு நான் வெவரமாச் சொல்லியிருக்கோணும். பைக்குள்ள இருக்கறதும் அதேதான், இல்லேங்கல. ஆனா ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு வேணுங்கறது ஒரு அரிசி எடைதான் வரும். நீங்க குடிச்சது இந்த ஊருக்கே போதும். கொறஞ்சாலும் கெடுதல், கூடுனாலும் கெடுதல்."

"எனக்கென்ன கண்ணு, வயிறு சுத்தமாச்சு" என்றார் சின்னமுத்து. "ரத்தம் என்ன சொல்லுது? அதச் சொல்லு மொதல்ல."

ரத்தத்தில் குறைவாகத்தான் இருந்தது. இரண்டு வகை மாத்திரை கொடுத்தாள். சாப்பிட்ட பிறகு ஜிங்க், படுக்கும்போது நரம்புக்கு ஒன்று. உடனே கேட்காது, மாதக்கணக்கில் ஆகலாம், கேட்காமலும் போகலாம் என்று இந்தத் தடவை ஒவ்வொன்றாக, சின்னமுத்துவின் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சொன்னாள். அவரையே திரும்பச் சொல்லவும் வைத்தாள்.

அதற்கப்புறம் சின்னமுத்து ஆத்தாயியைப் படுத்தின பாடு இருக்கிறதே. காலையில் எழுந்ததும் "எப்படி இருக்குது?" தண்ணீர் கொண்டு வந்தால் "இப்ப?" அவளும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "நட்ட குச்சியத் தெனம் புடுங்கிப் பாத்தா வேரு புடிக்குமா? சும்மா இருங்க" என்று ஒரு நாள் கத்திவிட்டாள். கத்துகிற அளவுக்குத் தெம்பு வந்ததே என்று அவருக்குச் சந்தோஷம்.

மார்கழியில் ஒரு நாள் வாசலில் உட்கார்ந்து அவள் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். ஒரு ஈ வந்து அவள் இடது விலாவில் உட்கார்ந்தது. சின்னமுத்து பார்த்துவிட்டார். மூச்சுவிடாமல் நின்றார். ஈ கொஞ்ச தூரம் நடந்தது, நின்று கையைத் தேய்த்துக்கொண்டது, மறுபடி நடந்தது. ஆத்தாயி புடைத்துக்கொண்டே இருந்தாள். அந்த ஈ பறந்து போகிற வரைக்கும் அவர் அதைக் கும்பிடாத குறை.

பொங்கலுக்கு ரவிக்கை போட்டாள். நீண்ட நேரம் போட முடியவில்லை, ஆனால் போட்டாள். மாசியில் முழு நாளும் போட்டாள். முதுகில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் மிளகளவு எரிச்சல் மிச்சம் இருந்தது.

அந்த மாசியில் வந்து பார்த்த காமிலா பஞ்சால் தடவினாள். இந்தத் தடவை தொட்டுத்தான் தடவினாள். ஆத்தாயி அசையாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துக் காமிலாவின் கண் நிறைந்துவிட்டது.

"எதால ஆச்சுன்னு எனக்குத் தெரியாதும்மா" என்றாள். "ஜிங்க்கா, நரம்பு மாத்திரையா, தானாவே ஆறுச்சா? ஒருத்தர வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. எங்க காலேஜ்லயும் இப்படித்தான் சொல்லப் போறேன்."

"உனக்குத் தெரியாட்டிப் போகுது கண்ணு. எனக்கு வலி கொறஞ்சது எனக்குத் தெரியுமில்ல" என்றாள் ஆத்தாயி. "ஆமா, அன்னைக்கு எலி எலின்னியே, எங்க காட்டுக் கெழங்கெல்லாம் தின்னு தீக்கற எலியா?"

"இல்லம்மா. இது வெள்ள எலி. கூண்டுல வளக்கறது."

"அதுகளும் என்ன மாதிரித்தான் துடிச்சிருக்கும்" என்றாள் ஆத்தாயி. "நாஞ் சொன்னா அதுகளுக்கு என்ன புரியப் போகுது. இருந்தாலும் போறப்ப ஒரு கும்புடு நாஞ் சொன்னேன்னு சொல்லு."

காமிலா சிரிக்கவில்லை. சொல்லுறேம்மா என்றாள்.

வேண்டுதலை முடிக்க வேண்டுமே. மிளகளவு மிச்சம் இருக்கும்போது முடிக்கலாமா என்று சின்னமுத்து இழுத்தார். "அம்மன் என்ன தராசு வெச்சுக்கிட்டா உக்காந்திருக்கறா?" என்றாள் ஆத்தாயி. கோயிலுக்குப் போய் விளக்குப் போட்டு, மனசாரக் கும்பிட்டுவிட்டு வந்தாள். வந்ததும் சொல்லிவிட்டாள், விரதம் விட்டு முதல் கறி தின்பது டாக்டரம்மா வீட்டில்தான் என்று. சேவலை உயிரோடு கொண்டு போவோம், அவர்கள் முறைப்படி அறுத்துக்கொள்ளட்டும், எல்லோருமாகச் சாப்பிடலாம் என்று.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வளர்த்த சேவலைக் கூடையில் போட்டுக்கொண்டு இருவரும் பஸ் ஏறினார்கள். சின்னமுத்து அவளை ஜன்னலோரம் உட்காரவைத்து, அடிவாரம் வரைக்கும் ஒவ்வொரு வளைவிலும் கம்பியைப் பிடித்து அணை கட்டிக்கொண்டு வந்தார்.

சேந்தமங்கலத்தில் கதவைத் திறந்தது காமிலாவின் அம்மா நஜிமா. ஆத்தாயியை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை. மகளும் புருஷனும் சொல்லச் சொல்லக் கேட்டிருக்கிறாள், அவ்வளவுதான். எந்தப் பக்கம் வலி என்பதெல்லாம் அவளுக்கு எங்கே தெரியும்?

"வாங்க வாங்க, உங்களப் பாக்கோணும்னு எத்தன நாளா நெனச்சிட்டிருந்தேன்" என்று படியிறங்கி வந்தவள், அவர்கள் வழக்கப்படி இரண்டு கையாலும் ஆத்தாயியைச் சேர்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"அம்மா, அந்தப் பக்கம் வேண்டாங்க" என்று சின்னமுத்து பாய்ந்தார். கூடை கையிலிருந்து விழுந்து, சேவல் படபடவென்று வீட்டுக்குள் ஓடியது.

நஜிமா பதறிப்போய்க் கையை எடுக்கப் பார்த்தாள். எடுக்க முடியவில்லை. ஆத்தாயி அவளை விடவில்லை. முகத்தை நஜிமாவின் தோளில் வைத்திருந்தாள்.

"எடுக்காதீங்க பாயம்மா" என்றாள். "என்ன ஒருத்தரு கட்டிப் புடிச்சு வருசக்கணக்காச்சு."

எடுக்கப் போன கையை நஜிமா திரும்பவும் அதே இடத்தில் வைத்து, இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டாள்.